விடுபட்ட எண்கள்

குன்னூர்,
12.6.2024

அன்புள்ள ஸ்டெபி அப்பாவுக்கு,

நானும் ஸ்டெபியும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஓவேலியில் மழை பிடித்துவிட்டதாகப் பேப்பரில் பார்த்தேன். காலுக்கு உப்புத் துணி கட்டாமல் தேயிலைக்குள் இறங்காதீர்கள். போன முறை அட்டை கடித்த இடம் ஆறவே ஒரு மாதம் ஆனது.

நீங்கள் மேட்டில் ஏறி நின்று போன் பேசினால் பாதி காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. மீதியைப் பக்கத்தில் நிற்கிறவர்கள் கேட்கிறார்கள். அதனால் இதை எழுதியே சொல்லிவிடுகிறேன். தம்பி ரெனிஷ் நேற்றுக் கேமராக் கடையைச் சாத்திவிட்டு நேரே இங்கே வந்தான். உங்கள் எஸ்டேட்டில் மரத்துக்கு மரம் கட்டியிருக்கிற அந்தப் பச்சைப் பெட்டிக் கேமராக்களை மாற்றப் போகிறார்களாம். மேனேஜர் இவனை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். புதுக் கேமரா ஆளோ மிருகமோ குறுக்கே போனால் அந்த நிமிடமே மேனேஜர் போனுக்குப் படம் அனுப்பிவிடுமாம். மேட்டில் டவர் கிடைப்பதால் சிரமமில்லை என்றான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சனிக்கிழமைதோறும் நீங்கள் மலை ஏறி இறங்கி கேமராக்களில் மெமரி கார்டு கழற்றுகிற வேலை நின்றுவிடுமே! சனி மதியமே பஸ் ஏறினால் ஞாயிறு பூசைக்கு இங்கே மூன்று பேராகப் போகலாம். நீங்களும் மேனேஜரிடம் இரண்டு வார்த்தை நல்லபடியாகச் சொல்லுங்கள்.

ஸ்டெபி முத்தம் தரச் சொன்னாள்.

உங்கள் வரவை எண்ணியிருக்கும்,
லோயிஸ்


ஓவேலி,
20.6.2024

அன்பு லோயிஸ்,

ஆண்டவர் கிருபையில் நலம். முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழை வந்துவிட்டால் வலிப்பதில்லை. ஸ்டெபிக்குச் சளி விட்டதா?

புதுக் கேமரா பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அதில் மனமில்லை. இருக்கிற கேமராக்கள் எட்டு வருடமாக இந்த மழையில் நிற்கின்றன. சாதாரண பேட்டரி போட்டால் போதும், மூன்று மாதம் ஓடும். ரெனிஷ் சொல்கிறவற்றுக்கு ஏரியல் நீட்டிக்கொண்டிருக்கும், குரங்குகள் ஒரே நாளில் பிடுங்கிவிடும். பழையதில் ஒன்றுக்கு மட்டும் கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பாலிதீன் கவர் கட்டி ஓட்டுகிறேன். மேனேஜரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அதையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்.

சனிக்கிழமை நடை எனக்குப் பழகிவிட்டது. அதற்காக நீ வருத்தப்படாதே. மாதம் ஒருமுறை எப்படியும் வருகிறேனே.

ஸ்டெபியைக் கணக்கில் கவனிக்கச் சொல்.

அன்புடன்,
அம்புரோஸ்


குன்னூர்,
9.7.2024

அன்புள்ள ஸ்டெபி அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஸ்டெபிக்குச் சளி போய் இருமல் மட்டும் இருக்கிறது. நீங்கள் வெந்நீர்தான் குடிக்கிறீர்களா?

ரெனிஷ் போன வாரம் எஸ்டேட்டுக்கு வந்து போனானே, உங்களைப் பார்க்க முடியவில்லையாம். நீங்கள் வேறு பக்கம் போயிருந்ததாக ஆபீசில் சொன்னார்களாம். மச்சான் வருகிறான் என்று தெரிந்தும் போய்விட்டீர்களா, தெரியாமல் போனீர்களா?

மேனேஜர் பழைய கார்டுகளை அவனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதில் அவன் கண்ட ஒரு விஷயத்தை என்னிடம் மட்டும் சொன்னான். கேமரா தானாகவே ஒவ்வொரு படத்துக்கும் வரிசையாக எண் போடுமாம். மற்றக் கேமராக்களில் எண்கள் சரியாக இருக்கின்றன. பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காட்டுக் கேமராவில் மட்டும் நடுநடுவே கொத்துக் கொத்தாக எண் விடுபட்டிருக்கிறதாம். முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்தால், காலையும் சாயங்காலமும்தான் விடுபடுகிறதாம். "அக்கா, யாரோ ஒக்காந்து அழிச்சிருக்காங்க. அத்தான்கிட்டத்தானே கார்டு இருக்குது?" என்றான்.

நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள்தானே சொல்ல வேண்டும்.

அன்புடன்,
லோயிஸ்


ஓவேலி,
14.7.2024

லோயிஸ்,

நலம். மழை நிற்கவில்லை.

காற்றில் கிளை ஆடினாலும் பழைய கேமரா படம் எடுக்கும். நாய் போனாலும் எடுக்கும். கார்டு நிறைந்துவிடக் கூடாதென்று வேண்டாததை அழிக்கிறேன். அதில் ரெனிஷ் துப்புத் துலக்க என்ன இருக்கிறது?

தண்ணீர் இறங்கிய கேமராவை மேனேஜர் நேற்று என்னைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். பாலிதீன் கவர் கட்டியிருப்பது முதற்கொண்டு அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி நான் உனக்கு மட்டும்தான் எழுதினேன்.

அம்புரோஸ்


குன்னூர்,
5.8.2024

அன்புள்ள ஸ்டெபி அப்பாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் வந்து வெகு நாளாயிற்று. என்ன எழுதுவதென்று தெரியாமல் வைத்திருந்தேன்.

நனைந்த கேமராவைப் பற்றிப் பேச்சுவாக்கில் ரெனிஷிடம் சொல்லியிருப்பேன். தம்பியிடம் சொல்கிறோம் என்று சொன்னதுதான், மேனேஜரிடம் போகும் என்று நினைத்தேனா? அதற்காக என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

ஆனால் நானும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. போன மாதம் நீங்கள் வந்தபோது உங்கள் பையில் ஸ்டெபி பிஸ்கட் தேடினாள். கருப்பு ரிப்பன் ஒரு சுருளும், பூப் போட்ட குடை ஒன்றும் இருந்தன. "அம்மா, அப்பா எனக்கு வாங்கிட்டு வந்திருக்காரு" என்று குதித்தாள். நீங்கள் போகும்போது அவற்றை எடுத்துக்கொண்டே போய்விட்டீர்கள். குழந்தை கேட்டதற்கு, "அது வேற ஆளுக்கும்மா" என்றீர்கள். யார் அந்த வேற ஆள்?

சனிக்கிழமை வீட்டுக்கு வரலாம் என்றால் வேண்டாம் என்கிறீர்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கிய கேமராவைக் கவர் கட்டிக் காப்பாற்றுகிறீர்கள். ஒரே இடத்துப் படங்களை அழிக்கிறீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு மாரடிக்கிறவள். ஒளிக்கிற முகம் எனக்குத் தெரியும். நேரடியாகவே கேட்கிறேன்: அந்தப் படங்களில் இருப்பது யார்?

லோயிஸ்


குன்னூர்,
2.9.2024

ஸ்டெபி அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நீங்கள் இந்த மாதமும் வரவில்லை. போனில் கேட்டால், "நெறைய வேலைம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஸ்டெபி பிறந்தநாள் இருபத்தொன்றாம் தேதி. உங்களுக்கு நினைவிருக்கும்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

லோயிஸ்


ஓவேலி,
8.9.2024

அன்பு லோயிஸ்,

நலம். உன் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. பதில் எழுத உட்காராமல் இல்லை.

நீ நினைப்பது போல் ஒன்றுமில்லை. அதற்கு மேல் இப்போது கேட்காதே. பிறந்தநாளுக்கு வரப் பார்க்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கீழ்ப் பக்கம் மண் சரிந்து ரோட்டை அடைத்துவிட்டது. யானைகளும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. நீ புறப்பட்டு வர வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம்.

புதுக் கேமரா வேண்டாமென்று மேனேஜரிடம் மறுபடியும் சொல்லியிருக்கிறேன். ரெனிஷ் என் மேல் கோபமாக இருப்பான். இருக்கட்டும்.

ஸ்டெபிக்கு என் ஆசீர்வாதம்.

அம்புரோஸ்


குன்னூர்,
28.9.2024

ஸ்டெபி அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? எனக்கு இரண்டு நாளாகக் கால் வலி. ஏனென்றால் நான் அங்கே வந்திருந்தேன்.

வர வேண்டாம் என்று நீங்கள் இரண்டு முறை எழுதினீர்கள். ஒரு முறையோடு விட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன். பிறந்தநாளுக்கும் நீங்கள் வராத பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டேன். ஸ்டெபியை ரெனிஷ் வீட்டில் விட்டுவிட்டு, ஊட்டி போய் கூடலூர் பஸ் பிடித்தேன். கூடலூரிலிருந்து எஸ்டேட்டுக்கு ஓடுகிற மோசஸ் ஜீப். "பன்னெண்டாம் நம்பர் வளைவுல எறக்கி விடுங்க, அவர் அங்க நிக்கறேன்னார்" என்று பொய் சொன்னேன். மேலே ரோட்டோரம் ஒரு பாறைக்குப் பின்னால் நின்றேன். ஒரு பெண்டாட்டி செய்யக் கூடாத வேலை என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் நின்றேன்.

நாலு மணிக்கு மேல் சோலை ஓரத்துப் பாதையில் நீங்கள் வந்தீர்கள். உங்களோடு ஒரு பெண். கையில் பூப் போட்ட குடை. அவளுக்குப் பின்னால் வளைவிலிருந்து ஒரு பிள்ளை வந்தது. அப்புறம் இன்னொன்று. முதுகில் பையோடு, கருப்பு ரிப்பனில் இரட்டைச் சடையோடு, யூனிபாரத்தில் ஒரு கூட்டமே வந்தது. சோலை முடிகிற இடத்தில் நீங்கள் நின்று அவர்களை அனுப்பிவிட்டுக் கீழே இறங்கிப் போனீர்கள். அவர்கள் நான் நின்ற பக்கமாக ஏறி வந்தார்கள்.

அந்தப் பெண் பெயர் மரகதமாமே. தாய் தகப்பன் சிலோனிலிருந்து வந்தவர்கள் என்றாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"ஏம்மா, வழி தப்பிட்டீங்களா? இங்கன நிக்காதீங்க, ஆன எறங்குற நேரம்."

"நான் டீச்சர். இந்தப் பிள்ளைங்க எங்க போகுதுங்க?"

"மேல பொறம்போக்குல இருக்கிற ஊடுகளுக்குத்தான். முந்தி எஸ்டேட் ரோட்டுல போவோம். கொழுந்து திருடு போச்சுன்னு கேட்டப் பூட்டிட்டாங்க. சுத்திப் போனா புள்ளைக மணியடிச்சப்புறம்தான் ஸ்கூல் சேரும். அதான் இந்த வழி."

"இங்க கேமரா இருக்குதாமே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சின்னப் பெண் ஒருத்தி, ஷண்முகப்ரியாவாம், முந்திக்கொண்டு சொன்னாள். "பொட்டி படம் புடிக்கும் டீச்சர். புடிச்சா போலீஸ்ல குடுத்துடுவாங்களாம். ஆனா சூப்பர்வைசர் ஐயா எங்க படத்தை அழிச்சிடுவாரு."

மரகதம் அவள் வாயைப் பொத்தினாள். நான் யாருடைய மனைவி என்று சொல்லவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உங்களைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

இப்போது நீங்கள் நிம்மதி அடைந்திருப்பீர்கள், இவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது என்று. கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பாதையில் யானைச் சாணம் கிடந்தது. ஆறாத சாணம். அதே கேமராவில் யானையும் விழும்தானே? யானைப் படத்தை நீங்கள் அழிப்பதில்லை. பிள்ளைகளைத்தான் அழிக்கிறீர்கள். மேனேஜர் திங்கட்கிழமை கார்டைப் பார்க்கிறபோது அவருக்கு என்ன தெரியும்? யானை நடக்கிற பாதை, ஆள் நடமாட்டமே இல்லை. அப்புறம் அங்கே காவலுக்கு ஆள் போடுவாரா? கேட்டைத் திறப்பாரா? நீங்கள் வீட்டுக்கு வராமல் சாயங்காலம் துணைக்குப் போகிறீர்கள், சரி. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆளெடுத்துக்கொண்டு நிற்பீர்கள். அப்போது யார் இருக்கிறார்கள்?

நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் அங்கே இல்லவே இல்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ரெனிஷிடம் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்பினால் நம்புங்கள்.

லோயிஸ்


ஓவேலி,
10.10.2024

அன்பு லோயிஸ்,

ஸ்டெபியும் நீயும் நலமாக இருக்க வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன், அவ்வளவுதான்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வாசித்ததும் கோபம்தான் வந்தது. ஒளிந்து நின்று பார்த்தாய் என்று கோபம். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உன்னிடம் சொன்னால் ரெனிஷிடம் போகும், ரெனிஷிடம் போனால் மேனேஜரிடம் போகும் என்று நினைத்தேன். அவன் வியாபாரத்துக்கு அது தோதாக இருக்கும். நனைந்த கேமரா விஷயத்துக்குப் பிறகு அது நினைப்பாக இல்லை, தீர்மானமாகவே ஆகிவிட்டது. நீ என்னைச் சந்தேகப்பட்டாய். நான் உனக்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

காலையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். திங்கட்கிழமை காலை யானை இருந்தது.

நான் பெரட்டில் நின்றபோது மேலே பிள்ளைகள் அலறுகிற சத்தம் கேட்டது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். முழங்கால் என்ன ஆனதென்று தெரியாது. போய்ச் சேர்ந்தபோது யானை சோலைக்குள் திரும்பிவிட்டிருந்தது. பிள்ளைகள் பாறை மேல் ஏறி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மரகதம் கீழே ஓடைப் பள்ளத்தில் கிடந்தாள். பிள்ளைகளை ஏற்றிவிட்டு, தான் ஏற நேரமில்லாமல் குதித்திருக்கிறாள். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. மோசஸ் ஜீப்பில் கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக, "ஐயா, பொட்டில வுழுந்திருக்கும், அழிச்சிருங்க" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த வலியிலும் அதுதான் அவளுக்குப் பயம்.

அன்று சாயங்காலம் கார்டைக் கழற்றிப் பார்த்தேன். யானை. அடுத்த படத்தில் பிள்ளைகள். அதற்கடுத்து யானையின் பின்பக்கம். அழிக்கிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் பக்கத்தில் இருந்தது.

அழிக்கவில்லை. நாளைக்கு மேனேஜரிடம் கொடுக்கப் போகிறேன். என்ன ஆகும் என்று தெரியாது. நீ ஜெபித்துக்கொள்.

அம்புரோஸ்


குன்னூர்,
16.10.2024

அன்புள்ள ஸ்டெபி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டது முதல் சோறு இறங்கவில்லை. மரகதத்துக்கு எப்படி இருக்கிறது? உங்கள் முழங்காலைக் காட்டினீர்களா?

என்ன நடந்தது என்று உடனே எழுதுங்கள். போன் எடுக்கவில்லை நீங்கள். ரெனிஷ் வந்து, "எஸ்டேட்ல ஏதோ பிரச்சனையாமே, அத்தான் என்ன எழுதியிருக்காரு?" என்று துருவினான். அவனிடம் வாய் திறக்கவில்லை. எனக்கு இது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒரே தம்பி.

லோயிஸ்


ஓவேலி,
11.11.2024

அன்பு லோயிஸ்,

நலம். மரகதம் கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். நீ கொடுத்தனுப்பிய துணிமணி சேர்ந்தது. யார் கொடுத்தது என்று கேட்டாள். அன்று பாதையில் பார்த்த டீச்சர், என் மனைவிதான் என்றேன்.

தாமதத்துக்குக் காரணம், எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தேன். மேனேஜர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கோயமுத்தூர்க்காரர், கோபம் வந்தாலும் மரியாதை குறையாது.

"ஏனுங்க அம்புரோஸ், அந்தப் பக்கம் ஒரு ஆளும் போறதில்லைன்னுதானுங்க இத்தன நாளும் நான் நெனச்சுட்டு இருந்தேன்?"

"தெனமும் போறாங்க சார். படத்தை நான்தான் அழிச்சேன்."

"கேட் பூட்டுன இந்த ரண்டு வருசமாவா?"

"ஆமாங்க."

அவர் கார்டை மேஜை மேல் வைத்துவிட்டு, "இதுக்கு மேல ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? நீங்களா, நானா?" என்றார். இரக்கத்தில் கேட்டாரா, பயத்தில் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வாரமே கேட்டைத் திறந்தார்கள். காலையும் மாலையும் பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டும். வாட்ச்மேன் ஒருவர் துணைக்கு நடக்கிறார். போலீசுக்குப் போகவில்லை.

எனக்கு மெமோ. சூப்பர்வைசர் வேலை போய்விட்டது. ஃபேக்டரியில் கொழுந்து எடை போடுகிற இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கார்டு இனி ஒருவர் கைக்கும் வராது. ரெனிஷ் வந்து புதுக் கேமராக்களைக் கட்டிவிட்டான். என்னைப் பார்த்து, "அத்தான், டீ சாப்பிடலாமா?" என்றான். சாப்பிட்டோம். பழைய கேமராக்கள் ஆபீஸ் மூலையில் குவிந்து கிடக்கின்றன.

புதியது நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். போன வாரம் விடியற்காலையில் கேட் பக்கம் யானை வந்ததை அது சொல்லிவிட்டது. பிள்ளைகளை அன்று வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் மரகதத்தின் கொழுந்தன் காய்ந்த விறகு பொறுக்கியதையும் அதுவே சொன்னது. அவன் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். பழையதாக இருந்தால் அந்தப் படம் என் கையோடு போயிருக்கும். படங்களை அழித்து வந்தது சரியா, தப்பா என்று இப்போது யார் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

வரும் சனிக்கிழமை வருகிறேன்.

உன்,
அம்புரோஸ்


குன்னூர்,
19.11.2024

அன்புள்ள ஸ்டெபி அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மோசஸ் போனில் சொன்னார். முழங்காலுக்கு அந்தத் தைலத்தை விடாமல் தேயுங்கள்.

வந்தீர்கள். பூசைக்குப் போனோம். ஒழுகுகிற குழாயைச் சரிசெய்தீர்கள், ஸ்டெபிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். ரெனிஷோடு சிரித்துப் பேசினீர்கள். எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது.

ஒன்றை மட்டும் நீங்கள் கேட்கவில்லை. அன்று அவ்வளவு தூரம் வந்தவள், பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தவள், சந்தேகம் தீர்ந்தவள், கீழே இறங்கி வந்து உங்களைப் பார்க்காமல் ஏன் திரும்பினாள்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுதினேன். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

பாதை வளைவில் அந்தப் பிள்ளைகளில் ஒன்று உங்களிடம் ஏதோ சொன்னது. நீங்கள் உங்கள் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். மரகதமும் சிரித்தாள். பாறை வரைக்கும் கேட்டது. நம் வீட்டில் நீங்கள் அப்படிச் சிரித்து எத்தனை வருடமானது என்று நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் கண்ணில் பட்டதும் மற்றச் சந்தேகமெல்லாம் போய்விட்டது. இது மட்டும் போகவில்லை. கீழே இறங்கி வந்தால் என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. அதனால்தான் திரும்பிவிட்டேன்.

இதை நேரில் சொல்ல இரண்டு நாளும் முயன்றேன். முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் வர வேண்டாம். ஸ்டெபியைக் கூட்டிக்கொண்டு நாங்கள் அங்கே வருகிறோம். மதியம் நீங்கள் அந்தச் சோலைப் பாதைக்கு வாருங்கள்; அந்த வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, மேலிருந்தே உங்களைக் கூப்பிடுவேன். நின்று திரும்பிப் பாருங்கள்.

லோயிஸ்